பாஸில் இருக்கும் பெயர்

— இன்னொரு தடவை உள்ள போய்ப் பாரு தங்கச்சி. அவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தா முகம் மாறிப்போகும். உனக்கோ அழுது வீங்கின கண்ணு வேற.

— முகம் மாறும் யூசுப் பாய், காது மாறுமா? அவுகளுக்கு ரெண்டு காதும் குத்தியிருக்கு. உள்ள கெடக்கவருக்கு ஒரு ஓட்டையும் இல்ல. இவரு என் புருஷன் இல்ல.

— நிச்சயமாவா?

— பத்து வருசம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? சங்கரன்கோவில்ல இருந்து அழுதுகிட்டேதான் வந்தேன். இப்ப சந்தோசப்படக் கூடாதுதான், இன்னொருத்தி வீட்டு ஆளு. ஆனாலும் மனசு சந்தோசப்படுது பாய். என்ன செய்ய?

— படச்சோனே! எடோ வாஞ்சி, இங்க வா. மார்ச்சுவரி வாசல்ல நின்னு சாயா குடிச்சது மதி, போதும். இது பாண்டிச்செல்வியோட புருஷன் இல்லையாம். மாரிச்செல்வம்னு நீதானே ஆளை அனுப்பினே? அந்தப் பேர்லதானே நான் வேலை பாஸ் போட்டேன்? பின்னே கொச்சங்காடி சரக்குக் கிட்டங்கி கூரையில இருந்து விழுந்து செத்தது யாரு?

— மெதுவாப் பேசுங்க முதலாளி. போலீஸ்காரங்க அந்தா நிக்காங்க.

— மெதுவாவா? பழைய ஓடு பிரிக்கத் தெரிஞ்ச ஆளு கேட்டேன், ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடுங்குறவனை அனுப்பினே. கொத்தனாரு கேட்டேன், பரோட்டா மாஸ்டர் வந்தான். போன் போட்டா "ஆளு வண்டி ஏறியாச்சு முதலாளி", அது ஒண்ணுதான் உன் வாயில வரும். இந்தக் காண்ட்ராக்ட் தொழில்ல வெயில், மழை, யூனியன்காரன் எல்லாத்தையும் சமாளிச்சுட்டேன். உங்களை மாதிரி ஏஜென்டுகளை மட்டும் முடியலை, கேட்டோ.

— நம்ம கையில என்ன இருக்கு முதலாளி? மாரி ரெண்டாம் நாளே வேலைக்கு வராம நின்னுட்டான். புது ஆளுக்குப் பாஸ் வேணும்னா போலீஸ் ஸ்டேஷன் கடிதாசு, அது இதுன்னு வாரக்கணக்குல இழுக்கும். நீங்களோ "காலையில ஆளு நிக்கணும்"னு போன்ல குதிக்கீங்க. தோப்பும்படி முக்குல வேலைக்கு நின்னவங்கள்ல ஒருத்தனைக் கூப்பிட்டேன், மாரி பாஸைக் கழுத்துல மாட்டி அனுப்பிட்டேன். எல்லா ஏஜென்டும் செய்யறதுதான்.

— அவரு பேரு என்ன அண்ணாச்சி?

— கேக்கலம்மா. தம்பின்னு கூப்பிட்டேன், வந்தான்.

— பாஸ்ல போட்டா இருக்குமே பாய். நீங்களும் பாக்கலியா?

— வாட்ச்மேன் பாஸைத்தான் எண்ணுவான், முகத்தைப் பார்க்க மாட்டான்.

— நான் உங்களைக் கேக்கேன்.

— பார்த்தேன் தங்கச்சி. அந்த முகம் வேற, இந்த முகம் வேறன்னு தெரிஞ்சுது. ஒரு ஆளு குறைஞ்சா வேலை நிக்குமேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன், இப்பவும் தெரியாத மாதிரியே கத்திக்கிட்டிருந்தேன். முதல்ல "மாரி"ன்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டான். பிறகு பழகிட்டான். அன்னைக்கும் கீழ நின்னு "மாரி, அந்த மூலைக்குப் போகாதே, பட்டியல் கட்டை உளுத்துப்போச்சு"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். சொந்தப் பேரைச் சொல்லிக் கத்தியிருந்தா நின்னிருப்பானோ என்னவோ.

— பாவம்யா அந்த மனுசன். சரி, அவுக இப்ப எங்க அண்ணாச்சி? போனு ஒரு மாசமா அணைஞ்சே கெடக்கு.

— இடக்கொச்சியில ஒரு ஐஸ் கம்பெனியில விட்டிருக்கேன். வேற ஒருத்தன் பேருல. நல்லாத்தான் இருக்கான்.

— அப்போ பேசணும். போனைப் போடுங்க.

— அவசரப்படாதம்மா, முதல்ல நான் சொல்றதக் கேளு. நடந்தது நடந்துபோச்சு. உள்ள கெடக்கவனைத் தேடி யாரும் வரப்போறதில்ல. இவருதான் என் புருஷன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா போலீசும் ஒண்ணும் கேக்காது, முதலாளி வேலையும் நிக்காது, மாரி பேருல இருக்க இன்சூரன்சும் உன் கைக்கு வரும். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லு?

— பேரே தெரியாதுங்கீரு, யாரும் வர மாட்டாகன்னு மட்டும் எப்படித் தெரியும்? அவரு பொண்டாட்டி எந்த ஊருல போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளோ! நேத்து வரைக்கும் நானும் அப்படித்தானே இருந்தேன்?

— முதலாளி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. உங்க கழுத்துக்கும் சேர்த்துத்தான் பேசுறேன்.

— என் கழுத்தை நான் பார்த்துக்கிறேன். செத்தவனுக்கு அவன் பேரு கிடைக்கணும். நீயும் நானும் போலீஸ்கிட்டப் போறோம். அதுக்கு முன்னாடி இவ புருஷனுக்குப் போன் போடு.

— இப்ப வேலையில இருப்பான்.

— ஒரு வார்த்தை போதும் அண்ணாச்சி. செல்வின்னு அவுக வாயால ஒரு தடவை கூப்பிடட்டும். சொமந்துக்கிட்டு வந்தது பூரா எறங்கிரும்.

— சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்...

— கொண்டா அந்தப் போனை!

— முதலாளி, வேண்டாம். வேண்டாங்கேன்ல!

— கையை எடுடோ. இதோ, மாரி புது நம்பர்னு இருக்கு. அடிச்சுட்டேன் தங்கச்சி, மணி போகுது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், கிட்ட வா. எடுத்துட்டான், பேசு.

— அண்ணாச்சியா? என்ன ஆச்சு, செல்வி கையெழுத்துப் போட்டுட்டாளா? செத்தது நான்தான்னு நம்பிட்டாள்ல?