என் பிள்ளைகிட்ட நீங்க பேசுங்க

குமுதா: ...மொதல்ல உக்காருங்கக்கா. கடைக்காரர்கிட்ட தே தாரிக் டீ சொல்லிட்டேன், சீனி கம்மியா. இப்ப சொல்லுங்க. என் விஜயன் பேசினானா?

மரியம்: மூச்சு வாங்க விடுலா. உங்க ஃபிளாட் லிஃப்டு மறுபடியும் ரோசாக். அத்தன மாடியும் படியிலதான் எறங்கி வரேன்.

குமுதா: அது என்னிக்கு ஓடுச்சு... பேசினானா இல்லையா?

மரியம்: பேசினான்... பேசினான்.

குமுதா: என்னன்னு?

மரியம்: சாப்பாட்டப் பத்திதான். மீன் கறி மறுநாள்தான் ருசியா இருக்குமாம்.

குமுதா: அவன் மீனே தொட மாட்டானேக்கா.

மரியம்: இப்ப தொடுவானா இருக்கும். பிள்ளைங்க மாறும்லா.

குமுதா: மாறினா சரி. ஷா ஆலம் காலேஜ விட்டுட்டு வந்து அந்த ரூமுக்குள்ள போனவன்... கதவுக்குப் பின்னால பொலம்புற சத்தத்த மட்டும்தான் நான் கேக்குறேன். அன்னிக்கு நம்மள மாதிரி பெத்தவங்க கூட்டத்துல நல்லம்மாள் டீச்சர் சொன்னாங்கல்ல, உன் பிள்ளைகிட்ட மரியம் பேசட்டும், மரியம் பிள்ளைகிட்ட நீ பேசு, அந்த நேரம் பெத்தவ வீட்டுலயே இருக்கக் கூடாதுன்னு. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. பெத்தவகிட்டயே பேசாதவன் ஊரார்கிட்டயா பேசுவான்னு.

மரியம்: ஊரார் ஆயிட்டேனா நானு?

குமுதா: ஐயோ, அப்படிச் சொல்லலக்கா. நீங்க இல்லன்னா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன்... அது என்ன பையில?

மரியம்: துணி. என் பிள்ள சஹருக்கு. அவ ராயா பெருநாளுக்குப் பச்சையில பாஜு தைக்கக் கேட்டதா நீதானே சொன்ன.

குமுதா: ...ஆமா. அதுக்குள்ள வாங்கிட்டீங்களா?

மரியம்: கறுப்புச் சட்டைய விட்டு வேற எதையும் போடாத பிள்ள. வாய் தொறந்து ஒரு கலர் கேட்டா சும்மா இருப்பேனா? கிள்ளான் முழுக்க அலைஞ்சேன், மனசுக்குப் புடிக்கல. இங்க வந்துதான் கெடச்சுச்சு. தொட்டுப் பாரு.

குமுதா: நல்லாருக்கு... தைக்கக் குடுக்க என்ன அவசரம். மெதுவா குடுக்கலாம்.

மரியம்: ராயா மெதுவா வருமா? நாளைக்கே குடுத்துருவேன்.

குமுதா: ம்... அக்கா, நானும் ஒன்னு பண்ணிட்டேன். டீச்சர்கிட்டகூட சொல்லல.

மரியம்: என்ன?

குமுதா: இப்பல்லாம் அவன் குடிக்கிற மைலோவுல மருந்து கலக்குறது இல்ல.

மரியம்: ...அப்புறம் எப்படிக் குடுக்குற?

குமுதா: போன வாரம் நீங்க சொன்னீங்கல்ல. 'அம்மா எனக்குத் தெரியாம கலக்குறாங்க ஆன்டி, என் கையில குடுத்தா நானே போட்டுக்குவேன்'னு அவன் சொன்னதா. பெத்த பிள்ளைய இத்தன நாளா ஏமாத்தியிருக்கேன். அதான் முந்தாநாளு புது மருந்து டப்பாவ அப்படியே அவன் கதவுகிட்ட வச்சுட்டு பாசாருக்குக் காய் வாங்கப் போயிட்டேன். வந்து பாத்தா டப்பா இல்ல. எடுத்துக்கிட்டான்.

மரியம்: எல்லாத்தையுமா வச்ச?

குமுதா: நம்புறதுன்னா முழுசா நம்பணும்லக்கா. அன்னிலேருந்து வீடே அமைதி. பொலம்பல் இல்ல, சுவத்துல முட்டிக்கிறது இல்ல...

மரியம்: எந்திரி.

குமுதா: தே வரட்டும்க்கா...

மரியம்: தேயும் வேணாம், ஒன்னும் வேணாம். எந்திரி குமுதா. சாவிய எடு.

குமுதா: என்னக்கா ஆச்சு? இப்பதானே அவன்கூட பேசிட்டு வந்தீங்க, மீன் கறி...

மரியம்: பேசல.

குமுதா: என்ன?

மரியம்: இன்னிக்கும் பேசல, போன வாரமும் பேசல. என்னிக்குமே பேசல. அல்லா மேல சத்தியமா ஒரு வார்த்தகூட இல்ல.

குமுதா: அப்ப... நானே போட்டுக்குவேன்னு சொன்னது?

மரியம்: நானா சொன்னது. பிள்ளைக்குத் திருட்டுத்தனமா மருந்து குடுக்குறேனேன்னு கூட்டத்துல அப்படி அழுத. அவனுக்கு உன் மேல கோபம் இல்லன்னு தெரிஞ்சா உனக்கு ஆறுதலா இருக்குமேன்னுதான்... நீ டப்பாவ குடுப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

குமுதா: அக்கா...

மரியம்: அப்புறமா திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப படியேறு.

குமுதா: நீங்க இருந்தப்ப உள்ள சத்தம் கேட்டுச்சா? நடக்குற சத்தம், இருமுற சத்தம்?

மரியம்: இல்ல. தூங்குறான்னு நெனச்சேன்.

குமுதா: முருகா... என் பிள்ள.

மரியம்: என் தோள புடி. இன்னும் ஒரு மாடிதான்... சாவிய குடு இங்க. ...தொறந்துருச்சு. போ, போ.

குமுதா: விஜயா. ஐயா. கதவத் தொற. பேச வேணாம் சாமி, உள்ளேருந்து ஒரு தட்டு தட்டு. அம்மாவுக்கு அது போதும்.

மரியம்: தம்பி, மரியம் ஆன்டிப்பா...

குமுதா: தட்ட மாட்டேங்குறானேக்கா. ஒடைங்க. எதையாச்சும் எடுத்து ஒடைங்க.

விஜயன்: டப்பா சோபாவுக்கு அடியில இருக்கு.

குமுதா: ...ஐயா?

விஜயன்: நான் ஒன்னும் எடுக்கல. அத ரூம்ல வச்சுக்கிட்டு இருக்க எனக்குப் பயமா இருந்துச்சு. நீ பாசார்லேருந்து வர்றதுக்குள்ள வெளிய தள்ளிட்டேன்.

மரியம்: இருக்கு குமுதா. இந்தா. பிரிக்கவே இல்ல.

விஜயன்: பழையபடி மைலோவுலயே கலந்துரும்மா.

குமுதா: உனக்குத் தெரியுமாய்யா?

விஜயன்: கசக்கும்ல.

குமுதா: தெரிஞ்சேதான் குடிச்சியா சாமி...

விஜயன்: அந்த ஆன்டிய இனிமே வர வேணாம்னு சொல்லு.

குமுதா: அப்படிச் சொல்லாதய்யா. உனக்காக கிள்ளான்லேருந்து ரயிலேறி வராங்க.

விஜயன்: வந்து அழுதுட்டேதான் இருக்காங்க. சஹரு சஹருன்னு.

குமுதா: விஜயா... ஐயா, இன்னும் கொஞ்சம் பேசுய்யா...

மரியம்: விடு. இன்னிக்கு இனிமே பேச மாட்டான். உனக்காச்சும் குரல் கேட்டுச்சுல்ல.

குமுதா: உக்காருங்கக்கா. தண்ணி கொண்டு வரேன்.

மரியம்: வேணாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டுத் தண்ணிய குடிப்பேன்... நான்தான் பொய்க்காரி. நீ என்ன மாதிரி இல்ல. என் பிள்ள உன்கிட்டயாச்சும் பேசுறா. அத வச்சுத்தான் நான் தெனம் எந்திரிக்கிறேன்.

குமுதா: அந்தத் துணிய தைக்கக் குடுக்காதீங்கக்கா.

மரியம்: பேசுறால்ல, குமுதா? பச்சதான் வேணும்னு அவதானே சொன்னா?

குமுதா: பச்ச எனக்குப் புடிச்ச கலர்க்கா.