எலுமிச்சைக்குக் கீழே யார் வீட்டுத் தண்ணீர்

— எனக்கெதுக்கு வம்பு? நான் யாரைப் பத்தியும் வாயே திறக்க மாட்டேன். ஆனா இன்ஜினியர் தம்பி, இந்த எலுமிச்சையைக் கொன்னது நீங்கதான்.

— மரம் இன்னும் உயிரோடதான் இருக்கும்மா.

— இதுக்குப் பேரு உயிரா? ஒவ்வொரு இலையும் மஞ்சக் காமாலை வந்த மாதிரி தொங்குது. பக்கத்துல நின்ன கொய்யா போன மாசமே போச்சு. இதையும் வெட்ட நாலு மணிக்கு ஆள் வர்றான். ஏன்டி சாயக்காரி, உன் மரம், நீ பேசேன். வாய்க்கு என்ன பூட்டா?

— என்னத்தச் சொல்ல அக்கா? இலை மஞ்சளானதும் எங்க வீட்டுக்காரர் தாகம்னு நெனச்சுட்டார். தினம் காலையில ரெண்டு வாளி ஊத்தினார். பாவம், மூழ்குறவன் வாயில செம்புத் தண்ணியைச் சரிச்ச மாதிரி! குழி தோண்டிப் பார்த்தா முழங்கை ஆழத்துலயே தண்ணி நிக்குது. வேர் அழுகுன நாத்தம் குடலைப் புடுங்குது. வாளியை ஒளிச்சு வச்சேன். அப்பவும் வத்தல. இறைச்சுப் போட்டா மறுநாள் அதே அளவு ஊறிக் கெடக்கு.

— ஊறாம? இவர் முற்றம் பூரா சிமெண்டு போட்டு ஆறு மாசம். மரம் வாடி ஆறு மாசம். போதாதா?

— மூணு மாசமா மழையே இல்லையேம்மா. என் முற்றத்துல ஏது தண்ணி?

— தினம் வண்டிக்கு அபிஷேகம் பண்றீங்களே, அது என்ன காத்தா? முன் சக்கரத்துக்கு ஒரு தடவை, பின் சக்கரத்துக்கு ஒரு தடவை. நான் ஒண்ணும் எட்டிப் பார்க்கலை, கண்ணுல பட்டுச்சு.

— அதெல்லாம் ரோட்டுச் சாக்கடைக்குப் போகுது. சரிவு நூறு அடிக்கு ஒரு அடி. நூல் பிடிச்சுப் போட்டது.

— நூலாம் நூல்! தண்ணி உங்க நூலைப் பார்த்தா போகும்? பள்ளத்தைப் பார்த்துப் போகும். தெருவுலயே பள்ளம் இவ தோட்டந்தான்.

— சரி, அதுக்குத்தானே சாயம் ஊத்திப் பார்க்கலாம்னதுக்கு ஒத்துக்கிட்டேன். சாயக்காரம்மா, நீங்களே உங்க கையால எங்க சாக்கடைத் தொட்டியில நீலம் கரைச்சு ஊத்துனீங்க. ரெண்டு மணி நேரமா குழாயும் திறந்தே கிடக்கு. குழியில ஒண்ணும் காணோமே.

— இப்பதான் சார் குழியை ஒட்ட இறைச்சேன். புதுசா ஊறி வரணும். கொஞ்சம் பொறுங்க.

— சும்மா நிக்கிற நேரத்துல ஒரு பேச்சுப் பேசிக்குவோம். யார் வீட்டுத் தண்ணின்னு தெரியுதோ, அவங்க இன்னைக்கே தரையை உடைச்சுக் குழாயைத் திருப்பணும். சொந்தச் செலவுல. இழுத்தடிக்கிற வேலையே கூடாது. என்ன தம்பி, சம்மதமா?

— சம்மதம். என் தண்ணின்னா நானே கடப்பாரை எடுக்கிறேன்.

— கேட்டுக்கிட்டியா சாயக்காரி? ஏய், எதிர் மாடியில துணி காயப்போடுற மாதிரி நிக்கிற தபால்காரர் பொண்டாட்டி, நீயும் கேட்டுக்கோ! நான் வச்ச பேச்சு இது!

— கேட்டுக்கிட்டேன் அக்கா. நல்லாவே கேட்டுக்கிட்டேன்.

— என்னடி ஒரு மாதிரி சிரிக்கிற?

— சிரிக்கலையே. மரத்தைத்தான் பார்க்கிறேன். அடி வேர்தான் கறுத்திருக்கு. மேலாக்க ஓடுற வேருல இன்னும் வெள்ளை முனை தெரியுது. இந்தத் தண்ணி வர்றது மட்டும் நின்னா பொழச்சுக்கும். நிக்கலேன்னா நாலு மணிக்கு ரம்பம்தான். எங்க வீட்டுக்காரருக்கு இந்த இடத்துல சாயத் தொட்டி கட்டணுமாம்.

— ஒரு தொட்டியும் வேணாம், நான் இருக்கேன்ல! ஐயோ, அங்க பாரு! அந்த ஓரத்துல மண்ணு கசியுது! வருது, வருது! வந்துருச்சுடி!

— ஆமா, வருது.

— எடுங்க தம்பி கடப்பாரையை! நூறு அடிக்கு ஒரு அடியாம்! இந்தத் தெருவுல என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு போக முடியுமா?

— இருங்கம்மா. இது நீலமா இல்லையே.

— நீலமோ கறுப்போ, கையும் களவுமா மாட்டியாச்சு!

— குனிஞ்சு பாருங்க. செக்கச்செவேல்னு இருக்கு. சோப்பு நுரை வேற.

— மண்ணுல பட்டா நிறம் மாறத்தான் செய்யும். சாயம் காய்ச்சுறவ இவ இருக்கா, இவளைக் கேளுங்க. சொல்லுடி, நீலம் மண்ணுல கலந்தா சிவக்கும்தானே?

— சிவக்காது அக்கா, நீலம் நீலமாத்தான் இருக்கும். காலையில என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் உங்க புதுக் குளியலறையைச் சுத்திக் காட்டுனீங்களே, அங்க நான் ஊத்துனதுதான் சிவப்பு.