லீவுல மூடி திறந்தது யாரு

ஐயோ, அது சாராய வாடை இல்ல ஷீலா ஆன்ட்டி, என் பேக்லேர்ந்துதான் வருது. ஸ்கூல்ல கேன் வெடிச்ச ரூம கழுவுனப்ப நனைஞ்சுடுச்சு. எத்தன தடவ தொவச்சாலும் போக மாட்டேங்குது. டீயெல்லாம் வேணாம் ஆன்ட்டி. ஆஷா தூங்கட்டும், நான் வெயிட் பண்றேன்.

கேன் தானா எப்படி வெடிக்கும்னு எல்லாரும்தான் கேக்கறாங்க. அது ஒண்ணுமில்ல. மேற்குத் தாம்பரம் ஜூஸ் கடைங்கள்ல சாத்துக்குடித் தோலு மூட்ட மூட்டையா குப்பைக்குப் போகுதுல்ல, நானும் ஆஷாவும் அத வாங்கிட்டு வந்து, வெல்லம் போட்டு, தண்ணி ஊத்தி, கேன்ல மூடி வெச்சுருவோம். மூணு மாசத்துல தரை தொடைக்கற லிக்விட் ரெடி. இப்ப ஸ்கூல்ல பினாயிலே வாங்கறதில்ல, தெரியுமா? டீச்சருங்க வேற வீட்டுக்கு வாங்கிட்டுப் போவாங்க. பிளஸ் ஒன் பொண்ணுங்க ரெண்டு பேரு தனியா ஒரு பிசினஸே நடத்தறாங்கன்னு எச்.எம். மிஸ் ப்ரேயர்லயே சொன்னாங்க. ஆஷாதான் பேசி விப்பா. எனக்கு அந்த வாய் கிடையாது, நான் தோலு வெட்டுவேன்.

ஒரே ஒரு தொல்ல. முதல் ஒரு மாசம் உள்ள கேஸு சேந்துகிட்டே இருக்கும். டெய்லி மூடிய லேசா திருகி விடணும், புஸ்ஸுனு வெளிய வரும். விடலன்னா கேன் அப்படியே வயிறு மாதிரி உப்பிடும். அதனால ஒரு நாள் நானு, ஒரு நாள் அவ.

கிறிஸ்மஸ் லீவுக்கு நாங்க நாசரேத் போயிட்டோம், எங்கம்மா ஊரு. ரூம் சாவிய ஆஷாகிட்ட குடுத்துட்டுப் போனேன். நீ நிம்மதியா போயிட்டு வாடி, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னா. டெய்லி காலைல வாய்ஸ் நோட்டு வந்துடும். புஸ், புஸ், புஸ். நான் எங்க சித்தி பொண்ணுங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன், எங்க கம்பெனி மூச்சு விடுது பாருங்கடின்னு.

லீவு முடியறதுக்கு முந்தின நாள் காந்திமதி அக்கா ரூமப் பெருக்கப் போயிருக்காங்க. ஆமா, ஸ்கூல் ஆயாதான். ஆபீஸ் சாவி போட்டுக் கதவத் திறந்து கேனைத் தள்ளி வெச்சிருக்காங்க, அவ்ளோதான், மூடி பறந்து வந்து கண்ணுக்குக் கீழ அடிச்சிருக்கு. தையல் போட்டிருக்காங்க. கண்ணு தப்பிச்சுது, ஆனா இன்னும் மங்கலாத்தான் தெரியுதாம்.

எனக்கு ரயில்ல வர்றப்பதான் போன் வந்துச்சு. உடனே அந்த வாய்ஸ் நோட்டெல்லாம் திரும்பக் கேட்டேன். மூணாவது புஸ்ஸுக்கு அப்புறம் ஒரு காக்கா ரெண்டு தடவ கத்துது. எல்லாத்துலயும். அதே எடத்துல. ஒரு நாள் எடுத்ததையே டெய்லி அனுப்பியிருக்கா ஆன்ட்டி.

இருங்க, இருங்க, நான் அவளப் போட்டுக் குடுக்க வரல. அவளே எங்கிட்ட ஒத்துக்கிட்டா. என் கையப் புடிச்சுகிட்டு அப்படி அழுதா. முத நாள்தான் போனேன், மறுநாளே காய்ச்சல் வந்து படுத்துட்டேன், ஊர்ல சந்தோஷமா இருக்கறவள எதுக்கு பயமுறுத்தணும்னுதான் சொல்லலன்னா. பாவம், எந்திரிச்சு தண்ணி குடிக்கக்கூட முடியலயாமே...

என்ன ஆன்ட்டி?

இல்ல, இந்த லீவுலதான். கிறிஸ்மஸ் சமயத்துல. நல்லாத்தான் இருந்தாளா? டெய்லி நீங்கதான் டிபன் கட்டிக் குடுத்தீங்களா?

ஓ. தீபா வீட்டுக்கு. எங்க கிளாஸ் தீபாதான?

லீவுல ரெண்டு பேரும் சேந்து லிக்விட் போட ஆரம்பிச்சாங்களா? இல்ல, எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொல்லல. எந்த பாட்டில்? குடுங்க பாக்கலாம். லேபிள் அழகா இருக்கு. ஆஷா, தீபா, ரெண்டு பேர் பேரும் போட்டிருக்கு. ஆனா லீவுல ஆரம்பிச்சிருந்தா இது ரெடியாக மார்ச்சு கடைசி ஆயிடுமே ஆன்ட்டி. இது ஸ்கூல்ல நாங்க வடிகட்டி வெச்சிருந்தது. நான் வெட்டுன தோலு. அந்த ஒரு நாள் இத எடுக்கத்தான் ரூமுக்குப் போயிருக்கா.

கோவமா? தெரியல. எல்.கே.ஜி.லேர்ந்து ஒரே பெஞ்சு ஆன்ட்டி. அவ சொன்னத நான் ரெண்டாவது தடவ கேட்டதே இல்ல. காய்ச்சல்னு சொன்னா, நம்பிட்டேன்.

லீவுல யாரோட டர்ன்னு எச்.எம். மிஸ் கேட்டப்ப, என்னோடதுன்னு சொல்லிட்டேன். சாவிய யார்கிட்டயும் குடுக்காம ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிட்டேன். ஒடம்பு முடியாம கெடந்தவள எப்படி மாட்டி விடறது, நீங்களே சொல்லுங்க. ஆஷாவும் பக்கத்துலதான் நின்னா. அனகாபுத்தூர்ல காந்திமதி அக்கா வீட்டுக்குப் போயி மன்னிப்புகூட கேட்டேன். அக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு, வெளிய போம்மான்னுட்டாரு.

மண்டே எங்கப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. என்னை ஸ்கூல்ல வெச்சுக்கறதா, டி.சி. குடுத்து அனுப்பறதான்னு பேசணுமாம். ஆஷா கூட நின்னா கொஞ்சம் தைரியமா இருக்கும், வர்றியாடின்னு கேக்கத்தான் வந்தேன்.

இப்ப அதுக்கு இல்ல. எங்கப்பாவுக்கு அன்னிக்கு டூட்டி இருக்கு ஆன்ட்டி, அவரு வேலைக்குப் போகட்டும். நீங்க வாங்க ஸ்கூலுக்கு, ஆஷாவக் கூட்டிகிட்டு.