தெருவை விலக்கிய வரி

நீளமாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு, சார். டேட்டாபேஸிடம் தகவல் கேட்க மற்றவர்கள் ஒரு பக்கத்துக்கு எழுதும் குவெரியை நான் ஜாங்கோ என்கிற மென்பொருளில் நாலைந்து வரியில் முடித்துவிடுவேன். தெரு, வீடு, போன், புகார் என்று கோத்துக் கேட்டால் போதும். ஓ.ஆர்.எம். என்கிற வசதி அதை டேட்டாபேஸுக்குப் புரியும்படி மாற்றி, பதிலையும் வாங்கித் தந்துவிடும். எழில்மொழி எழுதும் புரோகிராம் கோடு சுத்தமாக இருக்கும் என்று ஆபீசில் சொல்வார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

எண்ணூர்ப் பக்கத்தில் அம்மோனியா சேமிக்கும் ஒரு தொழிற்சாலைக்காகத்தான் அதை எழுதினேன். காற்றில் வாயு கூடினால் மீட்டர் காட்டும். எந்தெந்தத் தெருக்களுக்கு எச்சரிக்கை மெசேஜ் போக வேண்டும் என்பதை என் குவெரி தேர்ந்தெடுக்கும்.

சவரிநாதன் என்று ஒருவர். தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய மீனவர் தெரு. மெசேஜ் போகும்போதெல்லாம் எங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்வார். ஒருமுறை நானே எடுத்தேன்.

"இன்னாம்மா, காத்து மூஞ்சில அடிச்சதுக்கு அப்பால மெசேஜ் அனுப்புற? என் பொண்ணு மூச்சு வுட முடியாம குந்திகினு கீது. கொஞ்சம் முன்னாடி சொன்னா இஸ்துகினு ஓட மாட்டோமா?"

புகாராகப் பதிவு செய்தேன். அதெல்லாம் மாத அறிக்கையில் ஏறும். தொழிற்சாலை மேனேஜர் மனோகரனுக்கு அது பிடிக்கவில்லை. புகார் குறையாவிட்டால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். யோசித்துப் பார்த்தேன். மெசேஜ் போவதால்தான் சவரிநாதன் கூப்பிடுகிறார். போகாவிட்டால் கூப்பிட மாட்டார். அடிக்கடி புகார் செய்பவரை விலக்கு என்று ஒரு வரி சேர்த்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த தஸ்னீம்தான் முதலில் கவனித்தாள்.

"எழிலு, இன்னாடி இது? ஒருத்தரத் தூக்கச் சொன்னா தெருவையே தூக்கினு பூட்ச்சு."

அவள் சொன்னது சரி. நான் வீடுகளைக் கேட்காமல் தெருக்களைக் கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டுவிட்டு ஒருவரை விலக்கச் சொன்னால், அவர் இருக்கிற தெரு முழுவதும் போய்விடும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழி. திருத்துவது சுலபம்.

"பாத்துக்கிறேன்டி" என்றேன்.

அந்த மாதம் புகார் பாதியாகக் குறைந்தது. மனோகரன் ஸ்வீட் அனுப்பினார். வரியை அப்படியே விட்டுவிட்டேன். நாற்றம் அதிகமுள்ள இடத்திலிருந்துதானே புகாரும் அதிகம் வரும். சுவரோரத் தெருக்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே உதிர்ந்தன. தூரத்துத் தெருக்களுக்கு மட்டும் மெசேஜ் ஒழுங்காகப் போனது.

சவரிநாதன் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"இப்பல்லாம் மெசேஜே வர்லியேம்மா. அந்தக் கலீஜ் காத்தை சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டோம், ஐயா."

"நல்லா இரும்மா. பொண்ணுகிட்ட சொல்றேன்."

அது புகார் இல்லை என்பதால் பதிவு செய்யவில்லை.

அம்மோனியாக் குழாய் உடைந்தது மத்தியானத்தில். மீட்டர் சிவப்பானபோது நான் ஆபீசில் இல்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். இருந்தேன், சார். மெசேஜ் போகும் தெருக்கள் திரையில் ஓடின. சுவரோரத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் போயிருக்கும். சவரிநாதனின் எண் எனக்கு மனப்பாடம், நேரே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் இத்தனை மாதம் அந்தத் தெருவுக்கு ஏன் மெசேஜ் போகவில்லை என்று யாராவது கேட்பார்கள். நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

சவரிநாதன் வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்து கிடந்ததாம். அவர் மகள் ஜன்னலோரக் கட்டிலில் தூங்கியபடியே போயிருக்கிறாள். அவர் வாசல்வரை வந்து விழுந்திருக்கிறார்.

எழிலுக்குக் கவனப் பிசகு என்று தஸ்னீம் உங்களிடம் சொன்னாளாம். நல்லவள், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். அதை அப்படி எழுதிக்கொள்ளாதீர்கள். என் வேலையில் நான் கவனக்குறைவாக இருந்ததே இல்லை. யார் சாவார்கள் என்று தெரிந்துதான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.