முப்பது மீட்டர் கேபிள்

எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுற்றிய நிலையிலேயே பயன்படுத்தக் கூடாது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. படித்தவர்களுக்கும் தெரியாது. வேண்டிய நீளத்தை மட்டும் உருவிக்கொண்டு மீதியை, கேபிள் சுற்றியிருக்கும் டிரம்மிலேயே விட்டுவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கரண்ட் ஓடும் கம்பி சூடாகும். விரித்துப் போட்டிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுற்றி வைத்திருந்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். உங்கள் ஸ்டேஷன் அறையில் டேபிள் ஃபேனுக்குக்கூட அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள், ஐயா. ஃபேன் என்பதால் பரவாயில்லை. ஹீட்டராக இருந்தால் நேற்று நான் அதன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நேற்று வாயால் சொல்ல வந்தபோது நீங்கள் என்னைப் பேச விடவில்லை. "பெரியவரே, அது விபத்துன்னு முடிஞ்சு போன கேஸு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தீர்கள். அதனால்தான் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து தெளிவாகவே இருக்கும்.

முப்பத்து நான்கு வருடம் வயரிங் வேலை பார்த்தவன் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதனால் எனக்கு 'எர்த்' என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் வயரிங் செய்த வீட்டில் ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. விபத்து அறிக்கையின் நான்காம் பக்கத்தில், 'தரமற்ற வீட்டு மின் இணைப்பே தீக்குக் காரணம்' என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த இணைப்பைக் கொடுத்தவன் நான். அதில் ஒரு குறையும் கிடையாது. அதைத் திருத்தத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஒரு பழைய வேனை வாங்கி கேரவனாக மாற்றினார்கள். மாப்பிள்ளை தச்சர். மகள் வீடுகளுக்குப் போய் அளவெடுத்து, சமையலறை அலமாரிகளுக்கு கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பாள், அவர் செய்து மாட்டுவார். ஊர் ஊராகப் போய் அந்த வேலையைச் செய்வது, வேலை எங்கேயோ அங்கேயே வண்டியில் குடியிருப்பது, இதுதான் அவர்கள் திட்டம். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வண்டியின் உள்வேலைகளை முடிப்பதற்காக என் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்று வாரம் என்றார்கள். அப்போது என் மனைவி இறந்து ஆறு வருடம். அந்த வீட்டில் நான் தும்மினால் அதைக் கேட்க ஆள் கிடையாது.

"உள்ள உங்க ரூம்லயே படுங்களேன்" என்றேன்.

"இல்லப்பா, வண்டியில இருந்து பழகணும்ல. கரண்ட் மட்டும் குடுங்க, போதும்" என்றாள் மகள்.

கொடுத்தேன். கேரவனுக்கு வீட்டு சாக்கெட்டிலிருந்து கரண்ட் கொடுப்பது சாதாரண வேலை இல்லை. சமையலறை சாக்கெட்டில் ஒரு வயரைச் சொருகி ஜன்னல் வழியாக விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் அவர்களுக்கென்றே வெளிச்சுவரில் தனி பவர் சாக்கெட் வைத்தேன். மழை படாத மூடி, தனி சுவிட்ச், கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும் டிரிப்பர். கேபிள் என் தொழில் காலத்து முப்பது மீட்டர் டிரம், இரண்டரை ஸ்கொயர் தடிமனில் செம்புக் கம்பி. வண்டியின் இரும்புச் சட்டம்வரை எர்த் வருகிறதா என்று மூன்று முறை சோதித்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சிரித்தார்.

"ஏன் மாமா, எறும்பு கடிச்சாக்கூட எர்த் இருக்கான்னு பாப்பீங்களோ?"

நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய். தங்கமான பையன். பேச்சில் ஒருநாளும் மரியாதை குறைந்ததில்லை.

ஒரு காகிதத்தில் எட்டு விதிகள் எழுதி வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்துப் போடாதே. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதே. முதலில் வண்டிப் பக்கம் சொருகு, பிறகு வீட்டுப் பக்கம் சுவிட்சைப் போடு. இப்படி எட்டு. ஒன்பதாவதாக ஒன்று இருந்தது. டிரம்மை முழுக்க விரித்துப் போடு என்பது. அதை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். சாக்கெட்டுக்கும் வண்டிக்கும் பன்னிரண்டு மீட்டர்தான் தூரம். மீதிப் பதினெட்டு மீட்டரை நான் முற்றத்தில் வளைத்து வளைத்துப் போட்டு வைப்பேன். தச்சர்களுக்கு எதையும் சுருட்டி ஓரமாக வைத்தால்தான் நிம்மதி. தினமும் வேலை முடித்ததும் மாப்பிள்ளை அதை டிரம்மில் அழகாகச் சுற்றி, வண்டிப் படிக்குக் கீழே தள்ளிவிடுவார். தினமும் காலையில் நான் அதை வெளியே இழுத்து விரித்துப் போடுவேன். அவர் எதற்கு என்று கேட்டதில்லை, கிழவனுக்கு ஏதோ பழக்கம் என்று நினைத்திருப்பார். நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவரே விரித்திருப்பார். அவர்கள் உயிருக்காக நான் தினமும் செய்கிற வேலை என்று ஒன்றாவது என் கையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் தப்பொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன. வீட்டு வராந்தாவில் இருக்கும் மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று மீட்டர் சொல்லிவிடும். மகள் எழுந்துவிட்டாள், கெட்டில் போட்டிருக்கிறாள், விளக்கை அணைத்துவிட்டாள். அவளுக்குப் போகிற ஒவ்வொரு யூனிட்டும் என் வீட்டைத் தாண்டித்தான் போயிற்று. எனக்கு அதில் சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரம் முடிந்ததும் வண்டியின் உள் வயரிங்கைச் சோதித்துவிட்டு, எர்த்தில் ஏதோ சரியில்லை என்றேன். மகள் உடனே பயணத்தைத் தள்ளிப்போட்டாள். கரண்ட் விஷயத்தில் என் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அடுத்த வாரம் சுவிட்ச் போர்டில் குறை சொன்னேன். அதற்கடுத்த வாரம் பேட்டரியில். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அப்படியே நாற்பது நாளை ஓட்டினேன்.

நாற்பதாம் நாள் மாப்பிள்ளை தன்னோடு வேலை பார்க்கும் ஒரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். நான் கடைக்குப் போயிருந்த நேரம். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மாமா, அவன் எல்லாத்தையும் பாத்துட்டான். ஒண்ணும் பிரச்சனை இல்லையாம். உங்களுக்கு வயசாச்சுல்ல, டெஸ்டர் பழசா இருக்கும், அதான் தப்பாக் காட்டிருக்கும். நாளன்னைக்கு கிளம்பிடறோம் மாமா. மேல சோலார் மாட்டிட்டேன். இனிமே உங்க கரண்ட்டுக்கும் தொல்லை இல்ல."

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்கு மானம் போகாமல் இருக்க டெஸ்டர்மேல் பழியைப் போட்டார். அவர் நேராக என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஒருவேளை ஆறியிருக்கும். அந்த இரக்கத்தை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலையிலிருந்து மழை. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். மதியம் இரண்டு மணி வாக்கில் மகள் குடையோடு வந்தாள்.

"அப்பா, அவருக்கு மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சிருக்கேன். குளிருதுன்னாரு, ஹீட்டரைப் போட்டுட்டேன். மெத்தை உறை வாங்கிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன். கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"நீ போயிட்டு வாம்மா. நான் எங்க போகப்போறேன்" என்றேன்.

முந்தின நாள் மாப்பிள்ளை சுற்றி வைத்த டிரம் படிக்குக் கீழேயே இருந்தது. அன்று காலை நான் அதை விரிக்கவில்லை. மழை என்பதால் விரிக்கவில்லை என்று உங்கள் விசாரணையில் சொல்லியிருக்கலாம், ஆனால் டிரம்மைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் அவருடைய வார்னிஷ் டின்கள் இருந்தன. கேரவனுக்கு அந்த ஒரே கதவுதான்.

இப்படிச் சுற்றிய கேபிள் சூடேறும்போது டிரிப்பர் அணையாது, ஐயா. கரண்ட் கசியவில்லை, அளவுக்கு மீறியும் ஓடவில்லை. சுவிட்சைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், என் இணைப்பில் குறை இல்லை.

இரண்டே முக்காலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போய் டிரம்மின்மேல் கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு, ஆனால் கை வைக்க முடிந்தது. உள்ளே மாப்பிள்ளை இருமுவது கேட்டது. திரும்பி வந்து மீட்டரின் எதிரே உட்கார்ந்தேன். மூன்று மணி சுமாருக்கு மறுபடியும் போனேன். இந்த முறை கை வைக்க முடியவில்லை. ரப்பர் வாடை வந்தது. சுவரில் இருக்கும் சுவிட்சை ஒரு விரலால் தட்டினால் போதும். சுவிட்ச் என் தோள் உயரத்தில்தான் இருந்தது. மழையில் நனைகிறோமே என்று உள்ளே வந்துவிட்டேன்.

வண்டி எரிந்தால் பயணம் நிற்கும் என்றுதான் நினைத்தேன். அவர் தூங்குகிறார் என்பது என் நினைவிலேயே இல்லை என்று எழுத நினைத்து, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதுவதற்கு இத்தனை பக்கம் தேவையில்லை. எனக்கு நினைவிருந்தது.

புகை எழும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். நான்தான் கேட்டில் நின்று தடுத்தேன். "கரண்ட் இருக்கும்போது தண்ணி ஊத்தாதீங்க, எல்லாரும் செத்துருவீங்க. இருங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு வரேன்." அதுதான் முறை. உள்ளே போய் மெயினை அணைத்தேன். பிறகு போர்டைத் திறந்து ஒவ்வொரு முனையிலும் டெஸ்டர் வைத்து, கரண்ட் நின்றுவிட்டதா என்று சரிபார்த்தேன். மூன்று நிமிடம் பிடித்தது. வெளியிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வீட்டுக் கதவு இல்லை, வண்டிக் கதவு. கரண்ட் வேலையில் அவசரப்படக் கூடாது. நான் வெளியே வந்தபோது தட்டுவது நின்றிருந்தது. என்னுடைய சமயோசிதத்தால் நான்கு பேர் பிழைத்தார்கள் என்று அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

மகள் மெத்தை உறையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அதன் பிறகு பதினொரு மாதம் அவள் என்னோடுதான் இருந்தாள். பழைய அறையில்தான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். ஹீட்டரைத் தொட மாட்டாள், கெட்டிலைத் தொட மாட்டாள், குளிர் காலம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். "நான்தானேப்பா ஹீட்டரைப் போட்டுட்டுப் போனேன்" என்று எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறாள். "விடும்மா, நடந்தது நடந்துபோச்சு" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். இல்லை, நீ காரணமில்லை என்று ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. அந்தப் பாரம் இருக்கும்வரை அவளுக்கு வெளியே போகக் கால் எழாது. எனக்கு அவள் அழுவதைப் பார்க்க வேதனையாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் அழுகிற சத்தம் என் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது.

போன வாரம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வெகுதூரத்தில் ஒரு ஊர், அங்கே அலமாரி செய்யும் கம்பெனி ஒன்றில் படம் போடும் வேலை. வியாழக்கிழமை காலை பஸ். பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"இங்க இருந்தா நான் செத்துருவேன்பா. என்னைத் தடுக்காதீங்க" என்றாள்.

தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். அதன் பிறகுதான் அறிக்கையில் இருக்கும் தவறு என் கண்ணில் பட்டது.

இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை. மாப்பிள்ளையைக் கொன்றவன் நான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் சரி, வக்கீல் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள், இதைப் புதன்கிழமைக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஹீட்டரைப் போட்டது அவள், டிரம்மைத் தினமும் யார் விரிப்பார்கள் என்று பார்த்தவள் அவள், அவளைவிட முக்கியமான சாட்சி இந்த வழக்கில் கிடையாது. அப்படிப்பட்ட சாட்சி, தீர்ப்பு வரும்வரை ஊரைவிட்டுப் போக முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மாதிரி வழக்குகள் பத்து வருடம்கூட இழுக்கும் என்கிறார்கள். அத்தனை வருடமும் அவள் எங்கள் வீட்டிலேயே பத்திரமாக இருப்பாள், ஐயா.