மகேந்திரன் மேஸ்திரியின் கடைவாய்ப் பல்

மகேந்திரன் மேஸ்திரி எனக்குத் தரவேண்டியிருந்த கூலிப் பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அதற்காக நான் எதுவும் செய்யவில்லை. மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் கூலி பிந்துவது புதிதல்ல.

இருவருக்கும் ஹனூர்ப் பக்கம்தான் ஊர். மூட்டை தூக்குகிற எங்களுக்கு அவர் மேஸ்திரி. அவருக்கு எழுத்து தெரியாது. கூலி நோட்டை அவர் மனைவி பூங்குழலி அக்கா தமிழில் எழுதிக் கொடுப்பார். கன்னடம் அக்காவுக்கும் வாசிக்க வராது. நான் நாற்பத்தொரு வயதில் இரண்டையும் எழுதப் படிக்கப் பழகினேன். பழகிய வாரம் நோட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். மேஸ்திரி என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

“தொரை கையெழுத்துப் போட்டா மூட்டை தானா நடந்து போகுமாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூனில் அவருக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்தார்கள். துணைக்கு நான் போனேன். அவர் வாய் கொப்பளிக்கும்போது டாக்டர் சௌம்யா என்னிடம் விவரம் சொன்னார். மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. இரண்டு வாரத்துக்குள் நிலையான அடைப்பும் அதன்மேல் உறை மாதிரி கேப்பும் வைக்காவிட்டால் எச்சில் உள்ளே கசியும். நரம்பை எடுத்துவிட்டதால் வலி தெரியாது. சீழ் தாடைக்குள் இறங்கும். சர்க்கரை உள்ளவர், கவனம் என்றார். சீட்டிலும் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி சீட்டை நீட்டினார்.

“படிச்ச தொரை நீதானே. என்னடா எழுதீருக்கு?”

“தசரா கழிச்சு வரச் சொல்லீருக்காங்க, மேஸ்திரி.”

“நல்லதாப் போச்சு. லோடு வர்ற நேரத்துல எவன் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருப்பான்?”

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். மூன்று மெசேஜ் வந்தது. மூன்றையும் ஓரெழுத்து தட்டாமல் படித்தேன். போன் செய்த பெண்ணிடம், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். ஆகஸ்டில் அடைப்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“வலிக்குதுங்களா?”

“இல்லடா.”

“அப்பறம் என்னங்க, நரம்பையே எடுத்தாச்சே.”

அன்றிலிருந்து அவருக்கு டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.

செப்டம்பரில் தாடைக்குக் கீழே வீங்கியது. குளிர்காற்று என்றேன். இரண்டாம் நாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்தது. ஆட்டோவில் என் மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். அவருக்குப் பேச வரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து என் கையில் வைத்து, முகத்தையே பார்த்தார். படித்துக் காட்டினேன். இந்த முறை சரியாக.

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்ததும் பூங்குழலி அக்கா கூலி நோட்டோடு வந்து, மூவாயிரத்து எண்ணூற்று நாற்பதையும் எண்ணி நீட்டினார். நான் தொடவில்லை. நோட்டில் என் பெயருக்கு நேரே ‘பாக்கி இல்லை’ என்று எழுதி, லிங்கப்பன் என்று முழுதாகக் கையெழுத்துப் போட்டேன். சாவு விழுந்த வீட்டில் பணம் வாங்குகிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.