இஹ்ஸானின் ஒன்பது ஓய்வுகள்

சாரதிமார் பசியோடு ஓடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆறு லொறிகளில் எது புறப்பட்டாலும், "சாப்பிட்டயா?" என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. கல்முனையில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள் சேர், அபுல் ஹஸன் இரக்கமில்லாத முதலாளி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்கு லேசு.

வரிப்பத்தான்சேனை ஆலையிலிருந்து கொழும்புக்கு அரிசி ஏற்றுவதுதான் எங்கள் தொழில். அங்கே அரிசியை எடுக்கும் கம்பனி போன வருடம் ஒரு கட்டளை போட்டது. சாரதி எத்தனை மணித்தியாலம் ஓடுகிறான், எத்தனை மணித்தியாலம் உறங்குகிறான் என்பதை லொறியில் பூட்டிய இயந்திரம் பதிய வேண்டும். நாலு மணித்தியாலம் ஓடினால் முக்கால் மணி ஓய்வு, நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் உறக்கம். மீறினால் அது காது கிழியக் கத்தும். அதே கம்பனிதான் பத்து நிமிடம் பிந்தினால் லொறியை இறக்காமல் திருப்பி அனுப்பும். உறங்கவும் வேண்டும், நேரத்துக்கு வரவும் வேண்டும் என்றால் நான் எங்கே போவது? இதைக் கேட்க கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தால் ஒரு பெண்பிள்ளை சிங்களத்தில் காத்திருக்கச் சொல்வாள். பிறகு பாட்டுப் போடுவார்கள்.

எங்கள் சாரதிமார் தொழுகை வக்து தவறாதவர்கள். வழியிலுள்ள பள்ளிவாசலில் நிறுத்தி, கைகால் கழுவி உளூச் செய்து, தொழுதுவிட்டு ஏற கால் மணித்தியாலம் போகும். இயந்திரம் அதை ஓய்வாக எடுக்காது, அதற்கு முக்கால் மணி வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. தொழுகையை விடப் பெரிய ஓய்வு உண்டா? அலுவலகக் கணினியில் அந்தக் கால் மணியை முக்கால் மணியாக்கினேன். அதுதான் முதல் திருத்தம். அதில் தப்பிருப்பதாக எனக்கு இன்றைக்கும் படவில்லை.

பிறகு கொழும்பு வாசலில் வரிசையில் காத்து நின்ற நேரத்தை உறக்கமாக்கினேன். அதன் பிறகு ஓடிய நேரத்திலும் கொஞ்சம். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. நான் திருத்தினால் போதாது, சாரதி தன் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டு பொத்தானை அமத்த வேண்டும். திரையில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் சிங்களமும்தான். "பச்சயா வாறத அமத்துங்க, வேற ஒண்டும் இல்ல," என்று சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் தேநீர் குடித்தபடியே அமத்துவார்கள்.

இஹ்ஸான் பாலமுனைப் பிள்ளை. எட்டு வருடமாக என்னோடு இருந்தவன். நீங்கள் விசாரிக்கும் அன்றைக்குச் சுபஹுத் தொழுகை நேரத்துக்குத்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தான். அடுத்த லொறியில் போக வேண்டிய றவூப் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஏற்றிய லொறியை நான் என்ன, தலையில் வைத்துக்கொண்டு போவதா?

"நானா, ரெண்டு மணித்தியாலம் கண்ணயந்திட்டுப் போறனே," என்றான்.

"போற வழில படு மனே. இப்ப வெளிக்கிடு," என்றேன். சாப்பிட்டானா என்றும் கேட்டேன்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டான். பன்னிரண்டேகாலுக்கு வழியிலுள்ள பதியத்தலாவையிலிருந்து கதைத்தான். பின்னால் அந்த இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

"கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி இரிக்கி நானா. இதுவும் நிக்கச் சொல்லிக் கத்துது. கொஞ்சம் படுக்கட்டா?"

"லுஹரத் தொழுதிட்டு, மூஞ்சிக்கு நல்லாத் தண்ணி அடிச்சிட்டு ஓடு. கத்துறத நான் நிப்பாட்டுறன்."

அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் சத்தத்தை நிப்பாட்டினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

லொறி பாதையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது ஒன்று பதினாறுக்கு. ஒன்று இருபதுக்கு அவனே எனக்கு எடுத்தான். இரண்டு பக்கமும் காடு, ஆளில்லை என்றான். கால் இரண்டும் உள்ளே அகப்பட்டிருக்கிறது, இரத்தம் போகிறது என்றான். அவனுடைய மனைவி முஸ்பிறாவுக்குக்கூட எடுக்காமல் என்னைத்தான் முதலில் நம்பி எடுத்தான். அது எனக்கு மனதைத் தொட்டது.

நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் சேர். மோதிய அதிர்ச்சியை இயந்திரம் உடனே கொழும்புக்கு அறிவித்துவிடும். அரை மணித்தியாலத்தில் அவர்கள் பதிவை இறக்கிப் பார்ப்பார்கள். இருபத்தேழு மணித்தியாலம் உறங்காத ஒருவனை அனுப்பினேன் என்று தெரிந்தால் ஆறு லொறியும் முற்றத்தில் நிற்கும். ஆறு குடும்பம் அதை நம்பியிருக்கிறது, இஹ்ஸானுடைய குடும்பமும்தான். அவனுக்காகவும்தான் அதைச் செய்தேன் என்பதை ஒருவரும் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை.

"நான் அம்புலன்சுக்குச் சொல்றன். நீ வேற ஒருத்தருக்கும் எடுக்காத. ஃபோனுக்கு ஒண்டொண்டா வரும், அமத்திக்கிட்டே இரு," என்றேன்.

அவன் உறங்கியதாகக் காட்ட ஒன்பது திருத்தம் தேவைப்பட்டது. முதல் நாலையும் கெதியாக அமத்தினான். ஐந்தாவதில், "கை வழுக்குது நானா, அம்புலன்சு வெளிக்கிட்டா?" என்று கேட்டான். "ஓம், வருது," என்றேன். எட்டாவதற்குப் பிறகு, கடைசி மூச்சுக்கு முன் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினான். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். மார்க்க விஷயத்தில் நான் ஒருவரையும் இடைமறிப்பதில்லை. அதன் பிறகுதான் ஒன்பதாவதை ஞாபகப்படுத்தினேன்.

ஒன்று நாற்பத்தாறுக்கு அந்த ஒப்புதல் என் கணினிக்கு வந்து சேர்ந்தது. ஒன்று நாற்பத்தேழுக்கு அம்புலன்சுக்கு எடுத்தேன், ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. அது போய்ச் சேரும்போது அவன் மௌத்தாகியிருந்தான். அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பான் என்று வைத்தியர் எழுதியிருக்கிறாராம். எழுதுவது லேசு.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். நன்றாக உறங்கி எழும்பிய பிள்ளை கவலையீனமாக ஓட்டிவிட்டான், பதிவில் இருக்கிறது என்று முஸ்பிறாவுக்கு நான்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அவள் அதை நம்பி, ஊரார் முன்னால் அவனுக்காக என்னிடம் மாப்புக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

இப்போது நீங்கள் இந்தத் தாளை நீட்டுகிறீர்கள். ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு அமத்தப்பட்டது என்பதையும் அந்தச் சனியன் பதிந்து வைத்திருக்கிறது. நேரம் சரிதான், நான் மறுக்கவில்லை. உயிரோடிருந்தவனைக் காக்கவைத்ததும் நான்தான். ஆனால் தாளைச் சரியாகப் பாருங்கள் சேர். ஒன்பதிலும் ஒப்புக்கொண்டவர் என்ற இடத்தில் இஹ்ஸானின் பெயர்தான் இருக்கிறது. அவனுடைய சம்மதமில்லாமல் நான் ஒன்றையும் மாற்றவில்லை.